பாதி அழுக்கு விடத் தெரியாதவர்

ஜோசப்பின் என்கிற அக்கா துடைத்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், சிவனொளிபாத மலையில் ஏறுகிறவரின் சட்டையில் எத்தனை பொத்தான் அறுந்திருக்கிறது என்று மஸ்கெலியாவில் உட்கார்ந்தபடியே எண்ணிவிடலாம். அன்று காலை அவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டாரா என்பதுகூடத் தெரிந்துவிடும். இந்த நாடு இனிமேல் தொலைநோக்கி இறக்குமதி செய்வது சுத்த வீண் செலவு.

இப்போது அவர் இருபத்தேழாவது கண்ணாடியில் நிற்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் ஒட்டாத குறையாகச் சாய்ந்து பார்க்கிறார். நேராகப் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் சுத்தம்தான், சாய்ந்து பார்த்தால்தான் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. "பாரு, கோடு! எவனோ டிசுவால தேச்சிருக்கான். பாவிப்பய, மூக்குச் சிந்துற காகிதத்தாலயா கண்ணாடியத் தொடைப்பாங்க?"

நீர்த்தேக்கத்துக்கு மேலே, பழைய துரை பங்களாவோடு கண்ணாடிச் சுவர்களை ஒட்டவைத்துக் கட்டிய ஹோட்டல் அது. மொத்தம் அறுபத்து நான்கு கண்ணாடி. அத்தனைக்கும் இவர் ஒருவர்தான். பத்தொன்பது வருசம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர் என்பதால் இரண்டு கையும் சேர்ந்துதான் ஓடும். இடது கை சோப்புத் துணியோடு மேலே போகும்போதே வலது கை ரப்பர் வைப்பரோடு பின்னால் இறங்கிவரும். ஹோட்டல் கொடுத்த சாம்பல் நிறச் சட்டைக்கு மேல், கொழுந்துக்காரிகள் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கைக் கட்டியிருப்பார். அதற்குள் மூன்று துணி. ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. மூன்றாவது எதற்கென்று கேட்டால், "அது என் மனசுக்கு" என்பார்.

அந்த மனசுக்குத்தான் வந்தது கேடு. மூன்று மாதம் ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டு ஹட்டனிலிருந்து வந்த புதுச் சுப்பவைசர் சுதாகரன், கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவர் போட்ட லிஸ்ட்டின்படி கண்ணாடிக்கு மூன்று நிமிடம். முதலில் நீர்த்தேக்கத்துப் பக்கம். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துப் பக்கம் கிழமைக்கு ஒரு தடவை போதும், அங்கே விருந்தினர் பார்க்க ஒன்றும் இல்லையாம்.

"ஒண்ணும் இல்லயா? நான் இருக்கேன் சேர். என் லயம் இருக்கு, என் பாவாட காயுது" என்றார் அக்கா. "அங்கேருந்து பாத்தா ஒங்க கண்ணாடி தெரியுது. இங்கேருந்து பாத்தா நாங்க மட்டும் அழுக்காத் தெரியணுமா?"

"அக்கா, லிஸ்ட்டுன்னா லிஸ்ட்டுதாங்க."

வேகம் என்றால் அக்காவுக்குப் பகை என்று நினைத்துவிட வேண்டாம். வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு நீர்த்தேக்கத்துப் பக்கம் பனி மூடிக் கிடக்கும். அப்போது துடைத்தால் பத்தே நிமிடத்தில் கண்ணாடிக்கு வியர்த்துவிடும். ஆகவே முதலில் வெயில் விழுகிற லயத்துப் பக்கத்தை முடிப்பார். பனி கலைய கலைய அதன் பின்னாலேயே இந்தப் பக்கம் வருவார். பத்தரைக்குள் அறுபத்து நான்கும் முடிந்துவிடும். லிஸ்ட்டின்படி செய்தபோது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை துடைக்க வேண்டி வந்தது. மதியம் தாண்டியது. சுதாகரன் புத்தகத்தில் "மந்தம்" என்று குறித்துக்கொண்டார்.

"மலையிலயும் இதே கூத்துதான்" என்று அக்கா பொங்கினார். "இருவது கிலோ கொண்டா, இல்லாட்டி அரை நாள் சம்பளமுன்னாங்க. ஓடி ஓடிப் பறிச்சா, பழைய எல கெடக்குன்னு கொட்டிக் கெளறுனாங்க. ஓடவும் சொல்றது, ஒவ்வொரு எலையா பாக்கவும் சொல்றது. கேக்குறவனுக்கு வாய் ஒண்ணு, பறிக்கிறவளுக்குக் கண்ணு நாலா?"

பன்னிரண்டாம் நாள் லிஸ்ட்டைத் தூக்கி வாளியில் போட்டுவிட்டுத் தன் வழிக்கே திரும்பினார். அதற்கு நாலு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அந்தக் கண்ணாடிக் கதவு விவகாரம்.

சாப்பாட்டு அறையிலிருந்து வராந்தாவுக்குப் போகிற கதவு அது. காலையில் எப்போதும் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள். அன்று கல் ஓரமாகக் கிடந்தது, கதவு சாத்தியிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு மலை பார்க்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் நேரே நடந்து போய் மூக்கால் மோதினார். கோப்பை சிதறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டே, இவ்வளவு சுத்தமான கண்ணாடியை என் ஊரிலும் கண்டதில்லை என்று அவர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவுமில்லை. மறுநாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது.

இதை எழுதுகிறவள் அதே ஹோட்டலில் விரிப்பு துவைக்கிறவள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு காலை வாரிவிட்டதால் அங்கே கரை ஒதுங்கியவள். ஆங்கிலக் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. எச்சரிக்கை அடையாளம் ஏதும் ஒட்டாமல் கண்ணாடியை மிதமிஞ்சித் துடைத்ததால் விருந்தினருக்குக் காயம். இன்னொரு புகார் வந்தால் கண்ணாடி வேலை போய்விடும், தோட்டத்தில் புல் வெட்டப் போக வேண்டும்.

துடைத்ததற்கு எச்சரிக்கை! உப்புப் போட்டுச் சாப்பிடுகிற யாராவது எழுதுவார்களா இப்படி? சோறு வெந்ததற்குச் சமையல்காரனை விரட்டுவார்களா? சுதாகரனுக்கும் உள்ளூர வெட்கம்தான். முகத்தைப் பார்க்காமல் கதவில் ஒட்ட இரண்டு பச்சை இலை ஸ்டிக்கரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மெதுவாத் தொடைச்சா மந்தம். பளிச்சுன்னு தொடைச்சா குத்தம்" என்றார் அக்கா. "பாதி அழுக்கு எப்புடி விடுறதுன்னு அந்த மேனேஜரு வந்து ஒரு பாதி விட்டுக் காட்டட்டும், மாதாவே!" ஆனாலும் ஸ்டிக்கரைச் சாண் வைத்து அளந்துதான் ஒட்டினார். ஒரு நூல் கோணியது என்று பிய்த்து மறுபடி ஒட்டினார்.

நேற்றுக் காலை, இந்த அநியாயத்தைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லப் போனேன். போனேன் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்கா அந்தக் கதவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் நீதி நியாயத்தையெல்லாம் கொட்டி முடித்தேன். கைப்பிடிக்குக் கீழே, வராந்தாப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் தெரிந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

"அக்கா! ஒரு எடத்த விட்டுட்டீங்க!"

"விடல. வச்சிருக்கேன்."

"என்னத்த?"

"அன்னைக்குத் தொடைச்சு, கல்ல வச்சுட்டுத்தான் போனேன். அந்த வெள்ளைக்காரத் தொரை மூக்கு ஒடைஞ்ச சத்தம் கேட்டு நான் ஓடியாந்தப்ப இது இருந்துச்சு. பதினேழு நாளா இதச் சுத்திச் சுத்தித் தொடைக்கிறேன். இடது கையக் குடு."

நான் கொடுக்கவில்லை. அவரே மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தார். கொய்யா மரத்திலிருந்து விழுந்து கோணிப்போன என் சுண்டுவிரல், அங்கே கோணலாகக் கிடந்த தடத்தில் போய் அச்சாக உட்கார்ந்தது.

"கல்ல நகத்திக் கதவச் சாத்தி, போன்ல மொகத்தப் பொதைச்சுக்கிட்டு வர்ற சேர் மூக்குக்கு வச்சது, தொரை மூக்குல விழுந்துருச்சு. ம்?"

"அப்பவே சேர்கிட்ட சொல்லியிருந்தா ஒங்களுக்குக் கடிதம் வந்திருக்காதேக்கா..."

"ஒன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, கழுத."

எனக்குக் கண்ணாடியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. அவசரமாகச் சட்டைக் கையால் அந்தத் தடத்தை அழிக்கப் போனேன். படீரென்று என் கையில் ஒரு அடி விழுந்தது.

"சட்டையால தேய்க்காத. கோடு விழும்."

படங்குக்குள் கைவிட்டு மூன்றாவது துணியை எடுத்து, நான்காக மடித்து, என் உள்ளங்கையில் வைத்தார்.