ஜன்னலில் நிற்கும் பெயர்

முதலில் பழைய கடிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைப்பார். அதன் மேல் புதிய கடிதம். இரண்டின் மேல் மூலைகளையும் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணை மூடி, மூச்சை நிறுத்திவிடுவார். வெளியே வெயில் நன்றாக இருந்தால் இரண்டு தாள்களும் கலந்து ஒரே கடிதமாகிவிடும். எங்காவது ஒரு வரி மயிரிழை விலகியிருந்தால், அந்த எழுத்துகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொரு வரிசை எழுந்து நிற்கும். உடனே மூச்சை விட்டு, யாரிடமென்றில்லாமல் சொல்வார்: "நிழல் விழுது."

மேகம் மூடிய நாட்களில் அவருடைய மேசையில் வேலை தேங்கும். மேனேஜர் வந்து கேட்டால், "வெயில் வரட்டும் சார், முடிச்சிடலாம்" என்பார். குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, துணி காயப்போட்டவர் மாதிரி வானத்தைப் பார்க்கிற ஆள் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு அலுவலகத்தில் ஓரம் சார் என்று பெயர். வாடிக்கையாளர்களுக்குப் போகிற கடிதங்களின் டெம்ப்ளேட்டுகள் அவர் பொறுப்பு. பெயரும் தொகையும் தேதியும் மட்டும் ஆளுக்கு ஆள் மாற, மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும் மாதிரித் தாள்கள் அவை. எந்தக் கடிதத்தை நீட்டினாலும் முதலில் விஷயத்தைப் படிக்க மாட்டார். நாலு பக்கமும் விட்டிருக்கிற வெள்ளையைத்தான் படிப்பார். ஆளும் அப்படியே. நடைவழியில் சுவரை ஒட்டி நடப்பார். பேருந்தில் இடம் கிடைத்தாலும் இருக்கையின் விளிம்பில் உட்காருவார். சாப்பாட்டு டப்பாவுக்குள் சாப்பாடு பக்கங்களைத் தொடாது. சுற்றிலும் ஒரு விரற்கடை விட்டிருக்கும். ஒருமுறை அலுவலக விருந்துக்கு வந்த அவர் மனைவி, "கட்டில்லகூட ஓரமாத்தான் படுப்பாரு. நடுவுல யாரோ வரப்போறாங்கன்னு இடம் விட்ட மாதிரி" என்று சொல்லி மேசையையே சிரிக்கவைத்தார். ஓரம் சார் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குவளையை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்திவைத்தார்.

பழைய கணினி அமைப்பை ஓரங்கட்டிவிட்டுப் புதியதற்கு மாறுவது என்று நிறுவனம் முடிவெடுத்தபோது, மென்பொருள்காரர்கள் அனுப்பிய பெண் அவருக்கு எதிர் இருக்கைக்கு வந்தாள். புது சிஸ்டத்தோடு வந்தவள் என்பதால் முதல் நாளே அவளுக்குப் புதுப்பொண்ணு என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். "புதுப்பொண்ணு காபி சாப்பிட்டாச்சா?" "புதுப்பொண்ணுக்கு மாமியார் யாருன்னு தெரியுமில்ல? எதிர்ல உக்காந்திருக்காரு பாரு." அவள் வேலை, டெம்ப்ளேட்டுகளை வடிவம் கெடாமல் புதிய வீட்டில் குடியேற்றுவது. காப்பி பண்ணி ஒட்டினால் ஆயிற்று என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஒட்டிப் பாருங்கம்மா" என்றார் ஓரம் சார்.

ஒட்டினாள். அச்சில் எடுத்தாள். அவர் கண்ணாடியில் வைத்தார். கடிதம் முழுக்க நிழல். காலியாக விட்டிருந்த வரிகளையெல்லாம் புது சிஸ்டம் தேவையில்லை என்று விழுங்கி, கீழிருந்தவற்றை மேலே ஏற்றியிருந்தது.

"காலியா ஒரு இடம் இருந்தா இதுக்குப் பொறுக்காதும்மா. யாரையாவது கொண்டாந்து நிறுத்திடும்."

"ரெண்டு வரிதானே சார். யார் பார்க்கப் போறாங்க?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். முகவரி மட்டும் வெளியே தெரியும்படி முகப்பில் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த உறை. கடிதத்தை மடித்து அதற்குள் செருகிக் காட்டினார். முகவரியை முட்டித் தள்ளிக்கொண்டு, ஜன்னலின் அடியில் இன்னொரு வரி தலைநீட்டியது: மனநல சிகிச்சைக்கான தங்கள் கோரிக்கை குறித்து.

"நான் இந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு இப்படித்தான் போச்சு. அவரு ஊர்ல இல்ல. கவரு கீழ்வாசல்லயே கிடந்திருக்கு. மேல போறவங்க கீழ போறவங்க எல்லாம் படிச்சிருக்காங்க. ஊர்லேருந்து வந்தவரு ஏன் எல்லாரும் நம்மள இப்படிப் பார்க்கறாங்கன்னு தெரியாமலே ஒரு வருஷம் இருந்தாராம். அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டாரு." உறையிலிருந்து கடிதத்தை உருவினார். "ரெண்டு வரிதாம்மா."

அதற்குப் பிறகு அவள் 'தானே' என்ற சொல்லை அவரிடம் பயன்படுத்தவில்லை.

டெம்ப்ளேட்டுகளைத் திறக்கத் திறக்க, எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். சோதனைக்கென்று முன்பு யாரோ சேர்த்துவைத்த ஒரு பெண்மணியின் பெயர். முன்னால் வரிசையாகத் தலைப்பெழுத்துகள், பின்னால் மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமான பெயர், அதைவிட நீளமான முகவரி. உறையின் ஜன்னலை விளிம்பிலிருந்து விளிம்புவரை அடைத்துக்கொண்டு நிற்பார். ஓரம் சார் அவரை நீளம்மா என்றார். "இவங்க உள்ள நின்னுட்டா ஊரே நிக்கும்மா."

நீளம்மாவுக்கு வராத கடிதமே இல்லை. நல்வரவு சொல்லப்பட்டிருந்தார். தவணை தவறி எச்சரிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டிருந்தார். கண் அறுவை செய்துகொண்டிருந்தார். வீடே மாறாமல், முகவரி மாறியதைத் தெரிவித்ததற்கு நன்றி பெற்றிருந்தார். சாகவில்லை, அவ்வளவுதான். இறப்புக் கடிதத்தின் டெம்ப்ளேட்டில் மட்டும், இறந்தவரின் இடத்தில் ஓரம் சாரின் சொந்தப் பெயர் இருந்தது. சின்னஞ்சிறு பெயர், ஒற்றைத் தலைப்பெழுத்தோடு.

"என்ன சார், உங்களையே முடிச்சு வெச்சிருக்கீங்க?"

"அதுக்கு யாரோ ஒருத்தர் வேணுமில்ல" என்றார், திரும்பாமல்.

புது சிஸ்டம் முகவரிகளைச் சரிபார்க்கும். நீளம்மாவை உள்ளே விட மறுத்தது. அந்தத் தெரு இருந்தது. அந்தக் கதவு எண் இல்லை.

"சார், உங்க நீளம்மா டுபாக்கூர்."

"இல்லாத விலாசமா இருக்கணும்னுதாம்மா வெச்சாங்க. தப்பித்தவறித் தபால்ல போயிட்டாலும் யாருக்கும் தொந்தரவில்ல, திரும்பி வந்துடும்னு."

"போயிருக்கா?"

"வெயில் போறதுக்குள்ள இதை முடிச்சிடலாம்மா" என்றார். அவளும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விதிவிலக்குப் போட்டு உள்ளே விட்டாள்.

பதில் அவளுக்குத் தரைத்தளத்தில் கிடைத்தது. அங்கே மடிப்பு இயந்திரத்தை ஓட்டுகிற பெண்மணியை எல்லோரும் தபாலக்கா என்பார்கள். மடிப்புச் சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே நீளம்மாவின் கடிதம் ஒன்று அச்சாகி வரும். அதைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பது விதி.

"மிஷின் ஓடறப்ப உள்ள கையை விட நான் என்ன லூசா?" என்றாள் தபாலக்கா. "அதுவும் கவருக்குள்ள போயிடும். மூட்டையோட மூட்டையா ஏத்திடுவாங்க."

"எல்லாம் திரும்பி வருமா?"

தபாலக்கா சுவரோரம் கைகாட்டினாள். நீல நிறத் தட்டுகளில் திரும்பி வந்த உறைகள் அடுக்கியிருந்தன. ஆள் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, மறுத்துவிட்டார். "தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க ஓரம் சார் வருவாரு. ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாரு. ‘வரலியா சார்’னு கேப்பேன். ‘வரல’ன்னுட்டு சிரிச்ச முகமாப் போவாரு. நீளம்மாவோடது மட்டும் ஒண்ணுகூட வந்ததில்ல. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து."

"அப்ப யாரு வாங்கறா அக்கா?"

"என்னைக் கேட்டா? எனக்கு வர்ற லெட்டரே யாரு வாங்கறான்னு தெரியல."

மறுநாள் அவள் ஓரம் சாரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். அவர் இரண்டு தாள்களையும் கண்ணாடியில் பிடித்தபடி, அவற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு தடவை போய்ப் பார்த்தேம்மா. நல்ல பகல். தெரு கடைசி வரைக்கும் நடந்தேன். கடைசி வீடு, அதுக்கப்புறம் சுவரு. உயரமா, வாசல் எதுவும் இல்லாத சுவரு. அங்க ஒருத்தர் குழாயைப் பிடிச்சுச் செடிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தாரு. அடுத்த நம்பர் எதுங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"‘பக்கத்து வீட்டம்மாவா? இப்பத்தானே வெளிய போனாங்க’ன்னாரு." கட்டைவிரல்களை எடுத்தார். தாள்கள் கையில் சரிந்தன. "நான் சுவத்தைப் பார்த்தேன். அவரு தண்ணி விட்டுட்டே இருந்தாரு."

அவள் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அவர் முகம் ஒரு தினசரி வேலையைச் சொன்னவர் முகமாக இருந்தது. சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

எல்லாக் கடிதங்களும் குடியேறி, இறப்புக் கடிதம் மட்டும் மிச்சமிருந்தது. அதில் இறந்தவர் பெயரும், வாரிசுக்கு வரப்போகிற தொகையும் முகவரிக்குச் சற்றுக் கீழே ஒரே வரியில் வரும். பெயர் நீண்டால் அந்த வரி உடைகிறதா, உடைந்தால் ஜன்னலுக்குள் ஏறிவிடுகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஓரம் சாரின் பெயர் உடைகிற பெயரே இல்லை.

"நீளம்மா பேரைப் போட்டுத்தான் சார் பார்க்கணும்."

"என் பேரு போதும்மா."

"நாளைக்கு நிஜமாவே நீளப் பேரா ஒருத்தர் இறந்து, வரி ஏறிடுச்சுன்னா? வீட்டுக்காரங்க பிரிக்கறதுக்கு முன்னாடி, எவ்வளவு வருதுன்னு தெருவே படிச்சிடும். நீங்க சொன்னதுதான் சார்."

 ஓரம் சார் சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தார், துடைத்தார், திரும்ப வைத்தார். "அவங்களுக்கு நாம எதுவும் தப்பா அனுப்பினதில்லம்மா இதுவரைக்கும்" என்றார். அப்புறம், "சரி. போடுங்க. ஆனா இது கீழ போகக் கூடாது."

இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவள் நீளம்மாவை அடித்தாள். வாரிசு?

"என் பேரைப் போடுங்க."

உறவு? அது காலியாக இருந்தால் சிஸ்டம் நகராது. ஓரம் சார் யோசித்தார். "மற்றவைன்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"அதைப் போடுங்க."

இறந்த தேதி? அன்றைய தேதியைப் போட்டாள், சிஸ்டம் ஏற்கவில்லை. முந்தைய நாளாக இருக்க வேண்டுமாம். நேற்றைய தேதியை அடித்தாள். நேற்று அவள் தங்கையின் பிறந்த நாள். அந்த எண்களைத் தட்டும்போது விரல் ஒரு கணம் தயங்கியது.

அச்சு இயந்திரத்திலிருந்து வந்த தாளை ஓரம் சார் சூடாக இருக்கும்போதே எடுத்தார். பெயர் இரண்டு வரிகளாக உடைந்து, கீழே விட்டிருந்த வெள்ளையில் அடங்கியிருந்தது. ஜன்னல் அளவு வரைந்த கண்ணாடித்தாளை மேலே வைத்துப் பார்த்தார். உள்ளே வாரிசின் சிறிய முகவரி மட்டும், சுற்றிலும் வெள்ளையோடு. அப்புறம் பழைய கடிதத்தின் மேல் வைத்து வெயிலில் பிடித்தார். பெயர்களைத் தவிர மற்ற எல்லா வரிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்தன. அவர் மூச்சை விட்டார்.  தாளை மூன்றாக மடித்து, ஓரங்களை நகத்தால் நீவி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கடிதம் கட்டடத்தைவிட்டு வெளியே போகவில்லை.

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்தது. மேனேஜர் கை குலுக்கினார். புதுப்பொண்ணு வேறோர் அலுவலகத்தில், வேறு யாருக்கோ எதிரில் உட்காரப் போய்விட்டாள்.

பல வாரங்களுக்குப் பிறகு தபாலக்கா அவளுக்குப் போன் செய்தாள். மடிப்பு இயந்திரத்தோடு புது சிஸ்டம் ஏதோ முரண்டு பிடிக்கிறதாம். அதைச் சரிசெய்து முடித்ததும் தபாலக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நீளம்மாவோடது ஒண்ணு திரும்பி வந்துச்சும்மா. நீ இருந்தப்ப அனுப்பின பழைய தவணை நோட்டீஸ்தான். கவர் மேல பேனாவுல எழுதியிருக்கு. ‘இந்த அம்மா தவறிட்டாங்க’ன்னு. கீழ தேதியும் போட்டிருக்கு, என்னைக்குத் தவறினாங்கன்னு."

"என்ன தேதி அக்கா?"

தபாலக்கா சொன்னாள். தங்கையின் பிறந்த நாள்.

 அவள் கேட்டாள்: "சார் பார்த்தாரா?"

"பார்த்தாரு. பையிலேருந்து ஒரு லெட்டரை எடுத்தாரு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அந்தக் கவரை வாங்கிட்டுப் போயி அரை நாள் லீவு போட்டாரு. காரணம், வீட்டுல ஒரு துக்கம்னு எழுதியிருந்தாராம். மறுநாள் வந்துட்டாரு."

"அப்ப கட்டு மேல வர்ற மாதிரிக் கடிதத்துல இப்ப யார் பேரு வருது?"

"அவரு பேருதான். சின்னப் பேரில்ல, ஜன்னல் நிறையணுமாமே. அப்பா பேரு, தாத்தா பேரு, அவருக்கு முன்னாடி இருந்தவரு பேருன்னு எல்லாத்தையும் முன்னாடி சேர்த்துக்கிட்டாரு. விலாசம் மட்டும் அதே விலாசம். நீதான் ஏதோ விட்டு வெச்சிருக்கியாமே, சிஸ்டம் ஒண்ணும் சொல்லலியாம்."

"அதுவும் மூட்டையில போகுதா?"

"போகுதே. ஒவ்வொரு கட்டுக்கும் ஒண்ணு. தினம் வந்து தட்டுல தேடறாரு." தபாலக்காவுக்குப் பின்னால் இயந்திரம் மடித்து மடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுகூடத் திரும்பி வரலம்மா."