ஐந்து லேபிளும் மாரியக்காவும்

ஏற்றுமதி குமாஸ்தா என்பவன் ஊரை விட்டு நகராமலே உலகத்தோடு மல்லுக்கட்டுகிறவன். கார்பன் பேப்பர் வைத்து ஆறு நகல் அடித்து, விரலெல்லாம் நீலமாக வீடு திரும்பிய சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போனது, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய ராஜபாளையத்து மில் ஒன்றுக்கு.

நாட்டுக்கு ஒரு லேபிள்

எண்பதுகளில் துணி என்னவோ ஒன்றுதான். அதை வாங்கிய ஐந்து நாட்டுக்கும் ஐந்து லேபிள், ஐந்து சான்றிதழ், ஐந்து விதமான வம்பு. ஒருவன் கேட்கிற முத்திரையை அடுத்தவன் மதிக்கமாட்டான். லேபிள் ஒட்ட மம்சாபுரத்து மாரியக்காவும் இன்னும் நான்கு பெண்களும் இருந்தார்கள், ஆளுக்கு ஒரு நாடு.

ஒரு நாள் மாரியக்கா லீவு. அவருடைய நாட்டுப் பெட்டிகளுக்கு நானே லேபிள் ஒட்டினேன். மறுநாள் வந்தவர் அத்தனையையும் உரித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “என் நாட்டு லேபிளுல எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி இருக்கும் சார். இது பக்கத்து நாடு. எம்புட்டு படிச்சு என்ன?”

சேர்ந்துவிட்டார்களாம்

தொண்ணூறுகளில் அந்த நாடுகளெல்லாம் கூடி ஒரே சந்தையாகிவிட்டன. ஒரே விதி, ஒரே முத்திரை, எல்லா மொழியும் அச்சடித்த ஒரே லேபிள். ஒரு நாட்டில் இறங்கிய பெட்டி, அடுத்த நாட்டுக்கு யாரையும் கேட்காமல் போகலாம்.

இதைச் சொல்லி அங்கிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லேபிள் ஒட்டுகிற இடத்துக்குப் போய்ச் சத்தமாகவே சொன்னேன். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. மாரியக்கா பசைக் கிண்ணத்தை மூடிவிட்டுக் கேட்டார்: “அவிய அஞ்சும் ஒண்ணாயிட்டா, எங்க அஞ்சு பேருல யாரு சார் மிச்சம்?”

சந்தனப் பொட்டு

பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஆள் போதும் என்று முதலாளி சொல்லியே விட்டார். மாரியக்கா சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை வைத்தார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை. தறிக்கு வைத்தோம், தராசுக்கு வைத்தோம், என் டைப்ரைட்டருக்கும் வைத்தோம். மிச்சச் சந்தனத்தை வீணாக்குவானேன் என்று கப்பலேறக் கட்டிவைத்த பெட்டிக்கெல்லாம் குங்குமத்தோடு ஒரு பொட்டு. யோசனையும் குழைத்ததும் அடியேன்.

காயத்துக்குக் கட்டுகிற துணிப் பெட்டியில் என்ன கறை என்று அங்கே துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்பானால் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிடுவோம். இப்போது ஒருவர் மறுத்தால் எல்லோரும் மறுத்த மாதிரி. நேரில் சோதிக்க ஆள் வருவதாக ஃபாக்ஸ் வந்தது. அவர் தலையாட்டாவிட்டால் மில்லுக்கே பூட்டுதான். முதலாளி சொன்னார்: “முன்னால ஒரு வீடு அடைச்சா அடுத்த வீட்டைத் தட்டலாம். இப்ப தெருவுக்கே ஒரு கதவுய்யா, அதுலயும் நீ பொட்டு வச்சிட்ட.”

எந்தத் தறி?

வந்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர். சந்தனக் கதையைக் கேட்டுத் தன் பேனாவுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். அடுத்த கேள்வியில்தான் பிடித்தார். புது விதிப்படி, ஒரு ரோல் கெட்டுப்போனால் அது எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லவேண்டும். முடியுமா? முதலாளி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

லேபிள் ஒட்டுமுன் ரோல்களைப் பெட்டியில் அடுக்குவதும் அந்தப் பெண்கள்தான். மாரியக்கா குவியலிலிருந்து ஒரு ரோலை உருவி, ஓரத்தை விரலால் தடவி, “ஏழாம் தறி” என்றார். போய்ப் பார்த்தால் ஏழாம் தறியில் ஓடிய துணியிலும் அதே தளர்ந்த ஓரம். வெள்ளைக்காரர் இன்னும் நான்கு ரோல் எடுத்துக் கொடுத்தார். நான்கும் சரி.

ஒவ்வொரு ரோலிலும் தறி எண் ஒட்டவேண்டும், ஒட்டுவது இந்தப் பெண்களாகவே இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து பேர் பத்தாமல் சுந்தரபாண்டியத்திலிருந்து ஆறாவதாக ஒருத்தியைச் சேர்த்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாரியக்கா பசைக் கிண்ணத்தைத் திறந்தபடி சொன்னார்: “அவிய ஒண்ணா சேந்தது நல்லதுதான் சார். ஆனா அடுத்த பூசைக்குச் சந்தனக் கிண்ணம் உங்க கைக்கு வராது.”

ஒரு கண்டமே கூடி ஒன்றானதில் கடைசியில் வேலை குறைந்தது, ஆறு நகல் அடித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான். இல்லாவிட்டால் உட்கார்ந்து இதை எழுத ஏது நேரம்?