நைனா மாஸ்டரின் இரண்டு சிவப்பு சிலிண்டர்கள்

காலை பத்தேகால் மணிக்குச் செய்தி வந்தது. சாணார்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், தீயணைப்பு சிலிண்டர் மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார் சிலுவைமுத்து. போனில் நைனா மாஸ்டரின் மகன் அல் அமீன்.

"அண்ணே, அத்தா மவுத்தாயிட்டாரு."

முந்தின நாள் பிரியாணிக் கடை அடுப்படியில் எண்ணெய் பற்றிக்கொண்டதும், மாஸ்டரைத் தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சிலுவைமுத்துவுக்குத் தெரியும். பிழைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போனை வைத்ததும் முதலில் வந்தது அழுகையல்ல, ஒரு கேள்வி. அந்த அடுப்படியில் தொங்கிய இரண்டு சிலிண்டர்களும் அவர் விற்றவை. மாஸ்டர் எதைக் கையில் எடுத்தார்?

நைனா முகமது பேகம்பூர்ப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் வெகுகாலமாக மாஸ்டர். மகன் அல் அமீனும் அங்கேதான் வேலை. மாஸ்டர் விறகடுப்பைத் தவிர எதையும் நம்பாதவர். கேஸ் அடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது டீ போடுறதுக்கு அப்பு" என்பார். சீரகச் சம்பா கொதிக்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்வார். தம் இறங்கியதும் கங்கின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை விசிறி, "போதும், தூங்கு" என்று அடுப்பிடம் சொல்வார். ஆட்களை அதட்டுகிற வாய் அடுப்பிடம் மட்டும் குழையும்.

அந்தச் சொம்புதான் சிலுவைமுத்துவுக்குப் பயம். நெருப்பைக் கண்டால் அதைத் தேடிப் பழகிய கை. அதனால்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். விறகோ சாக்கோ பற்றினால் தண்ணீர் சிலிண்டர். வெங்காயம் பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி பற்றினால் மருந்து சிலிண்டர்.

"ரெண்டும் செவப்பாத்தானலே இருக்கு? தீப்பிடிக்கிறப்ப நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இங்கிலீஷ் வாசிக்கணுமாக்கும்?"

"கொதிக்கிற எண்ணெயில தண்ணி விழுந்தா வெடிச்சு மூஞ்சிக்கு வரும் மாஸ்டர். மருந்துதான் அடிக்கணும். பின்னைப் பிடுங்குங்க, எட்டி நில்லுங்க, சாரல் மாதிரி மெதுவா அடிங்க. எண்ணெய் மேல ஆடை கட்டுனாப்பல மூடிக்கிரும்."

"தம் போடச் சொல்றே."

"அதேதான்."

"இப்படிச் சொன்னாத்தானே எனக்கு ஏறும்!"

மருந்து சிலிண்டரைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுத் தருவதாகப் பேச்சு. மஞ்சள் கோடு என்றால் எண்ணெய்த் தீ. மாஸ்டர் அதைத் தானும் சொல்லிப் பார்த்து, மற்றவர்களையும் சொல்லவைத்தார். போன வாரம் சிலுவைமுத்து பெயிண்டும் பிரஷுமாகப் போனார். சிலிண்டரைக் கழற்றிவைத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே தம் உடைத்த வாசனை வந்தது. "ஏலே சிலுவை, கையக் கழுவு. ஆறிப்போனதத் தின்னுட்டு ஊருல என் பேரைக் கெடுக்காத" என்று மாஸ்டர் இலையை விரித்துவிட்டார். சாப்பிட்டு எழுந்ததும் கொடைரோட்டிலிருந்து அவசரமாக ஒரு போன். சிலிண்டரை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மவுத்துச் செய்தி வந்த அன்று சாயங்காலம் கபர்ஸ்தானில் எல்லோரோடும் சேர்ந்து மண் அள்ளிப் போட்டார். திரும்பும்போது அல் அமீனிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, அத்தா சொம்பையா எடுத்தாரு?"

"இல்லண்ணே, சொம்பத் தொடவே இல்ல. நாங்கல்லாம் வெளிய ஓடுனோம். அவரு மட்டும் சிலிண்டருக்குத்தான் போனாரு." அல் அமீன் மூக்கை உறிஞ்சினான். "'மஞ்சக் கோடு எங்கடா, மஞ்சக் கோடு எங்கடா'ன்னு கத்துனாரு. ஒரே புகை. எனக்கும் கண்ணுக்குப் படல. கைக்குக் கிடைச்சத எடுத்துப் பின்னைப் பிடுங்கிட்டாரு. அது தண்ணி."

சிலுவைமுத்து நேரே கடைக்குப் போனார்.

அடுப்படிச் சுவர் கருத்துக் கிடந்தது. தண்ணீர் சிலிண்டர் தரையில் உருண்டிருந்தது. மருந்து சிலிண்டர் மட்டும் மாட்டிய இடத்திலேயே தொங்கியது, பின்னைக்கூட யாரும் தொடவில்லை. துண்டால் கரியைத் துடைத்தார். அடுப்பைப் பார்த்த பக்கம் முழுக்கச் சிவப்பு. கொக்கியிலிருந்து கழற்றித் திருப்பினார். சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில் மஞ்சள் கோடு பளிச்சென்று ஓடி, பாதி வட்டத்தில் நின்றிருந்தது.