கடைக்கு வந்தால் ஓடும் வண்டி

வடமாலபேட்டையில் மெயின் ரோட்டு மேல் கடை வைத்திருக்கும் காஞ்சனா, நின்றுபோன வண்டியின் பானட்டைத் திறந்து ஒரு முறை முறைத்தால் போதும். அந்த வண்டி மட்டுமில்லை, எதிர்ச்சாரியில் மூன்று மாதமாகச் செத்துக் கிடக்கும் தண்ணீர் லாரியும் எழுந்து புத்தூர் வரை போய்விட்டுத் திரும்பும். சரி, கொஞ்சம் அதிகம்தான். லாரியைக் கழித்துவிடலாம். முறைப்பதையும் கழித்துவிடலாம், அவளுக்கு முறைக்கவே வராது. கண்ணைச் சுருக்கி வேறெங்கோ பார்த்தபடி காதைத்தான் கொடுப்பாள். மிச்சம் இருப்பது உண்மை. காரோ ஆட்டோவோ டிராக்டரோ, கரண்ட் எங்கே அறுந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஒரே ஒரு வெள்ளைக் கார்தான் அவளை ஆறு வாரம் அலைக்கழித்தது.

காஞ்சனா நகரியில் பவர்லூம் வீட்டில் பிறந்தவள். தறி நின்றால் வீட்டில் எல்லோரும் நூலைப் பார்ப்பார்கள், இவள் மட்டும் சுவிட்சு போர்டைப் பார்ப்பாள். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் சேர்ந்தாள். இருபத்திரண்டு பையன்கள், ஒரு காஞ்சனா. அப்புறம் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபாக்டரியில் மூன்று சீசன் வேலை. அங்கே ஒரு கன்வேயர் நினைத்தபோது நிற்கும், நினைத்தபோது ஓடும். சூப்பர்வைசர் இரண்டு மோட்டாரை மாற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டார். காஞ்சனா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒன்றரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாள் என்று புகாரும் போனது. இரண்டாம் நாள் மத்தியானம் எழுந்து வந்து, கூழ் பீப்பாய் ஏற்றிய தள்ளுவண்டி தரையில் கிடக்கும் கேபிள் மேல் ஏறும்போதெல்லாம் கன்வேயர் நிற்கிறது என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே சட்டம். நிற்கிறதைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு சாமானையும் மாற்ற மாட்டாள்.

கல்யாணமாகி வடமாலபேட்டைக்கு வந்தாள். புருஷன் சின்னப்பனுக்கு அங்கே பஞ்சர் கடை. அந்தக் கடையின் பாதியில் காஞ்சனா தன் மல்டிமீட்டரை வைத்தாள். "நான் காத்து பாக்கறேன், அவ கரண்டு பாக்கறா. ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத யாபாரம்" என்று சின்னப்பன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

கடையை விட்டுப் போகும் எந்த வண்டிக்கும் அவள் ஒரு மரியாதை செய்வாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சாமி படத்தடியில் இருக்கும் கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு, ஸ்பீடு முள் ஆடுகிற கண்ணாடி மேல் ஒரு பொட்டு. நடுவில் குங்குமம். ஸ்டியரிங்கில் வைத்தால் கையில் ஒட்டும், வெளியே வைத்தால் மழையில் கரையும். அதனால் கண்ணாடியில், நம்பரும் முள்ளும் இல்லாத காலி மூலையாகப் பார்த்து வைப்பாள். யாரும் அதைத் துடைப்பதில்லை. அடுத்த முறை வண்டி வந்தால் அதன் மேலேயே இன்னொன்று ஏறும்.

வெள்ளைக் கார் நாராயணவனம் சுரேஷ்பாபுவுடையது. பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கின கையோடு ஹாரன் மாற்ற காஞ்சனாவிடம் வந்தான். அந்த வாரமே அவனுக்கு ஒரு நிரந்தரச் சவாரியும் கிடைத்தது. அதே ஊர் வரதராஜன், ஐம்பத்தெட்டு வயசு, இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பதினோரு மணிக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமாகும். நேரம் கழித்துப் போனால், அடுத்த ஆளுக்காக அந்த நான்கு மணி நேரத்தில்தான் குறைப்பார்கள்.

வண்டி இரண்டாம் வாரமே மக்கர் செய்தது. நான்காம் வாரம் வரதராஜன் வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. கிடைத்த ஆட்டோவில் ஏறிப் புத்தூர் போய் பஸ் பிடித்தார்கள். அன்று மிஷின் இரண்டரை மணி நேரம்தான் ஓடியது. மறுநாள் வரதராஜனுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. "இன்னொரு தடவை இப்படி வந்தா நேரா ஐ.சி.யு.தான்" என்றார் டாக்டர்.

சுரேஷ்பாபு ஒவ்வொரு முறையும் வண்டியைக் காஞ்சனாவிடம் கொண்டுவந்தான். கடை வாசலில் அது ஒழுங்குப் பிள்ளை. சாவியைத் திருகினால் பட்டென்று பிடிக்கும். பத்து முறை அணைத்துப் போட்டாலும் பத்து முறையும் பிடிக்கும்.

"நிக்கிறப்ப செல்ஃப் சுத்துதாடா?" என்று கேட்டாள்.

"சுத்துதுக்கா. கர்ர்ர்ர்னு நல்லா சுத்துது. ஆனா பிடிக்கல."

செல்ஃப் சுற்றுகிறது என்றால் பேட்டரியில் குற்றமில்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. காஞ்சனா பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேவைக் கழற்றி, ஹாரன் ரிலேவோடு இடம் மாற்றிப் போட்டாள், ஹாரன் நன்றாகவே அடித்தது. எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினாள். எஞ்சின் சூட்டில் சென்சார் ஏமாற்றுகிறதோ என்று அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"டாஷ்போர்டுல சிவப்பா எதுனா லைட்டு எரியுதா? சாவி மாதிரி சின்னதா?"

"ஒண்ணும் எரியல. நான் பாத்துக்கினேதானக்கா இருக்கறேன்?"

அந்த மாடலில் சாவியின் தலைக்குள் ஒரு சிப் உண்டு. சாவி போடுகிற துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அந்தச் சிப்பைப் படிக்கும். படிக்க முடியாவிட்டால் திருட்டு என்று நினைத்து எஞ்சினுக்குப் பெட்ரோல் விடாது. அப்போது சாவிப் படம் போட்ட சிவப்பு லைட்டு மினுக்கும். லைட்டு எரியவில்லை என்று இவன் அடித்துச் சொன்னதால் காஞ்சனா அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டாள். கையைக் கழுவிப் பொட்டு வைத்து அனுப்பினாள். மூன்று முறை வந்தான், மூன்று முறையும் பொட்டு.

"சென்சார மாத்திடேன். எல்லா மெக்கானிக்கும் அதத்தானே பண்றாங்க?" என்றான் சின்னப்பன், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

"நீ ஓட்ட எங்கன்னு பாக்காம ஒட்டுப் போடுவியா?"

"அது ட்யூபு. கொப்புளம் உடும். காட்டிக் கொடுத்துடும்."

"இதுவும் காட்டும். எங்கிட்ட வந்தா வாய மூடிக்குது. நான்தான் அதும் ஊருக்குப் போவணும்."

அந்தப் புதன்கிழமை மல்டிமீட்டரை டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறி, புத்தூரில் ஆட்டோ மாறி, ஒன்பதே காலுக்கெல்லாம் நாராயணவனத்தில் இறங்கினாள். வரதராஜன் வெள்ளை வேட்டியில், சட்டையின் இடது கையை மேலே மடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஊசி போடுகிற கை அது. அவர் மனைவி தேவசேனா ஒரு பையில் போர்வை, பிஸ்கட், கால் பாட்டில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள்.

"வாம்மா. ஒனக்குக் காப்பி. எனக்கு அந்த வாசனை மட்டும்தான், குடிக்கற தண்ணிக்கெல்லாம் டாக்டர் கணக்கு" என்றார் வரதராஜன்.

ஒன்பதே முக்காலுக்கு சுரேஷ்பாபு சாவியைத் திருகினான். கர்ர்ர்ர். பிடிக்கவில்லை. மறுபடி கர்ர்ர்ர். அவன் முகம் வெளுத்துவிட்டது. காஞ்சனாவுக்கோ ஆறு வாரத்தில் முதல் முறையாக உள்ளூர ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, எதிரே ஒரு மனுஷர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அடிக்காத, நிறுத்து. பேட்டரிய காலி பண்ணிடுவ. தேவசேனாம்மா, பின்னாடி சீட்டுல காத வையுங்க. இவன் சாவிய பாதி திருப்புவான். ஸ்ஸ்ஸுனு ரெண்டு நொடி சத்தம் வருதா சொல்லுங்க."

தேவசேனா புடவையை ஒதுக்கிக்கொண்டு சீட்டில் காதை வைத்தாள். "ஒண்ணுமில்லையேம்மா."

பம்ப் ஓடவில்லை. ரிலே நல்ல ரிலே என்று போன வாரமே தெரியும். காஞ்சனா சீட்டுக்கடியில் பம்பின் வயரில் மீட்டரை வைத்தாள். கரண்ட் வரவே இல்லை. ஆக, யாரோ உள்ளிருந்து விடாதே என்று உத்தரவு போடுகிறார்கள். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டோவ கூப்டட்டுமா?" தேவசேனாவின் குரல் இறங்கிவிட்டது. "போன தடவை பஸ்ஸுல நின்னுக்கினே வந்தாரு."

"பத்து நிமிஷம் கொடுங்கம்மா. ஆட்டோவுக்கும் சொல்லி வையுங்க. சுரேஷு, எறங்கு. சாவிய குடு."

சுரேஷ்பாபு சாவியை எடுத்தான். அதன் தலையில் கறுப்புக் கயிற்றில் விரல் நீளத்துக்கு மூன்று செப்புத் தகடுகள், எந்திரம் எழுதியவை, கொத்தாகத் தொங்கின. அவன் கயிற்றின் சுருக்கை அவிழ்த்து, தகடுகளைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெறும் சாவியைக் கொடுத்தான். காஞ்சனா உட்கார்ந்து திருகினாள். பட்டென்று பிடித்தது.

"பாத்தீங்களா! அக்கா கை பட்டாப் போதும்" என்றான்.

காஞ்சனா எஞ்சினை அணைத்தாள். "அத ஏன்டா கழட்டின?"

"எதக்கா?"

"அந்தத் தகட."

"பூஜை பண்ணினதுக்கா. உன் கை முழுக்க கிரீஸு, கடையில எல்லாம் செருப்பு போட்டுக்கினு நடக்கறாங்க, பிரியாணி துன்னுட்டு வராங்க. அங்க குடுக்கக் கூடாதுன்னு ரூபா சொல்லிட்டா." ரூபா அவன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரிச் சவாரி கிடைத்ததும் வண்டிக்கு எதுவும் வரக் கூடாது என்று ஒரு தகடு வாங்கிக் கட்டினாளாம்.

"மூணு இருக்குதே?"

"முதல்ல ஒண்ணுதான். வண்டி நிக்க ஆரம்பிச்சதும் இன்னொண்ணு. அப்பவும் நின்னுது, மூணாவது."

"எப்ப ரொம்ப நிக்க ஆரம்பிச்சுது?"

சுரேஷ்பாபு குனிந்து தகடுகள் இருந்த சட்டைப் பையைப் பார்த்தான்.

"கட்டு. மறுபடி கட்டி நீயே திருப்பு."

கட்டினான். கர்ர்ர்ர். பிடிக்கவில்லை. கழற்றினான், பிடித்தது. மறுபடி கட்டித் தகடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் எஞ்சின் பிடித்தது. எஞ்சினை அணைத்து, தகடுகளைத் தொங்கவிட்டுத் திருகினால் பிடிக்கவில்லை. செப்புத் தகடு சாவியின் தலையை மூடினால் கம்பிச் சுருளுக்குச் சிப்பின் பேச்சு கேட்பதில்லை. எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதில்தான் அன்றைய அதிர்ஷ்டம்.

"லைட்டு எரியலன்னு சொன்னியேடா பாவி!"

"எரியலக்கா! நீயே பாரு."

காஞ்சனா குனிந்து பார்த்தாள். எரியவில்லைதான். கண்ணாடியின் வலது மூலையில், நம்பரும் முள்ளும் இல்லாத இடத்தில், ஒரு ரூபாய் காசு அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு அடுக்கு. காஞ்சனா முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, சாமி மன்னிக்கட்டும் என்று முனகி, தேய்த்தாள். அதனடியில் சாவிப் படம் போட்ட ஒரு சிவப்பு லைட்டு பரபரவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. எரியாதபோது கறுப்பாக, காலி மூலை மாதிரியே இருக்கும் இடம். ஆறு வாரமாக அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இவள்தான் அதன் வாயில் சந்தனம் அடைத்து வைத்திருக்கிறாள்.

"யார் வெச்ச பொட்டு அது?" என்றார் வரதராஜன், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"நான்தாங்கண்ணா" என்றாள் காஞ்சனா. ஊரில் வேறு யாரும் அவளிடம் இப்படியொரு வாக்குமூலம் வாங்கியதில்லை.

தகட்டை என்ன செய்வது என்பதில் இரண்டு நிமிஷம் போனது. வண்டியை விட்டுப் பிரித்தால் ரூபா சும்மா விட மாட்டாள் என்றான் சுரேஷ்பாபு. "இங்க கொண்டா. ஆஸ்பத்திரிக்குப் போறது வண்டியா, நானா? காவல் எனக்குத்தான் வேணும்" என்று வரதராஜன் மூன்றையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேவசேனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணி தாண்டிக் கிளம்பினார்கள். காஞ்சனா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வடமாலபேட்டையில் தன் கடையைத் தாண்டும்போதுகூட இறங்கவில்லை, சின்னப்பனைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். டோல்கேட்டில் கொஞ்சம் நின்றது. பரீட்சை எழுதும் பிள்ளையை டீச்சர் பார்க்கிற மாதிரி எல்லோரும் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

டயாலிசிஸ் வார்டில் ரோஹிணி என்கிற டெக்னீஷியன் பெண் வரதராஜனை எடை பார்த்துப் படுக்க வைத்தாள். சட்டைப் பையில் என்னவோ துருத்திக்கொண்டிருக்கிறதே என்று கேட்டாள். அது வண்டியோடது என்றார் அவர். ரோஹிணி தெலுங்கில் ஏதோ முனகிவிட்டு ஊசியை எடுத்தாள். காஞ்சனா கதவருகில் டிபன் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே தகராறு இருக்காதும்மா. சின்ன லைட்டு, பத்து நிமிஷ வேல. பாருங்க, கரெக்டா டைமுக்குக் கொண்ணாந்து சேத்துட்டோம். எப்பவும் போல நாலு மணி நேரம் போட்டுடுவீங்கதானே?"

ரோஹிணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "டைமுக்கு இல்லக்கா, பதினொண்ணு பதினேழு. அடுத்த பேஷண்ட் மூணரைக்குத்தான் வராரு, அதனால நாலு மணி நேரம்."