ரசகுல்லா டின்னுக்குள் ஒரு பேஸ் கிட்டார்

ஷோபனாவுக்கு எந்தப் பெட்டியும் மூடியிருந்தால் பிடிக்காது. புது மிக்ஸி வாங்கினாலும் முதலில் ஸ்குரூ எங்கே என்றுதான் தேடுவாள். கிடர்பூர் துறைமுகத்தில் வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. அவள் கணவன் மகேஷ் எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். நான் பாடுகிறவன், பகலில் கரியாஹாட்டில் காபித்தூளும் அப்பளமும் விற்கிறேன். என் பாட்டைப் பற்றி இவ்வளவு போதும்.

போன வருடம் மகேஷுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டான், நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். இடது கை விரல்களில் மட்டும் பழைய வலு திரும்பவில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளை அழுத்தினால் முகம்தான் கோணியது, சத்தம் வரவில்லை. கிட்டாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டு, "வேற ஆளைப் பாத்துக்கோங்கடா" என்று சொல்லிவிட்டான். அதன்பின் நாள் முழுக்க டிவி முன்னால் இருந்தான். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஷோபனா பயப்படவில்லை, அல்லது பயப்பட நேரமில்லை. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பிகளை அவனால் ஓரளவு அழுத்த முடியும் என்று கண்டுபிடித்தாள். சாந்தினி மார்க்கெட்டில் சாமான்கள் வாங்கி, அந்தக் கிட்டாரின் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் ஆக்டேவ் பெடலைத் தானே செய்தாள். உலோகப் பெட்டி வேண்டுமென்று ஒரு காலி ரசகுல்லா டின்னுக்குள் அதை அடைத்தாள். கம்பி இரண்டு முறை அதிர்ந்தால் இந்தப் பெடல் ஒன்று என்று எண்ணும். அதனால்தான் ஒலி பேஸ் கிட்டார் மாதிரி கீழே இறங்கும்.

ஆனால் மகேஷின் அழுத்தம் அரைகுறை. கம்பி மழுங்கி ஒலித்தது, பெடல் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போலச் சத்தம் போட்டது. அவள் டின்னைத் திறந்தாள். கீச்சென்ற ஒலிகளை வடிகட்ட ஒரு கெபாசிட்டர் சேர்த்தாள், மெல்லிய ஒலியையும் தூக்கிக் கொடுக்க ஒரு திருகு வைத்தாள். அதோடு விடவில்லை. பாட்டுகளின் சுருதியை மாற்றி, பாதி ஸ்வரங்கள் விரலே வைக்காமல் திறந்த கம்பிகளில் வரும்படி செய்தாள். கைக்கு இடையிடையே ஓய்வு வேண்டுமல்லவா?

துர்கா பூஜையில் நவமி மாலை எங்கள் நிகழ்ச்சி. மகேஷ் ஒருவழியாக இறங்கி வந்தான். "ஒரே ஒரு தடவை வர்றேன். சரியா வரலைன்னா அப்புறம் கிட்டார்ங்கிற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது" என்றான். ஷோபனா தலையாட்டினாள். 

மேடை, பந்தலை ஒட்டினாற்போல. நாங்கள் கருவிகளைச் சரிபார்க்கும்போது ஆரத்தி தொடங்கியது. தோளில் தொங்கும் பெரிய மேளமான டாக்கை நாலு பேர் அடிக்க ஆரம்பித்தார்கள். உடனே எங்கள் ஸ்பீக்கர் உறுமியது. யாரும் கிட்டாரைத் தொடவே இல்லை! பூஜைக் கமிட்டிச் செயலாளர் தபன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஷோபனா ஓடி வந்து, குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். "டாக் அதிர்வுல திறந்த கம்பிங்க தானா ஆடுது அண்ணா. நான் பெடலை ரொம்பக் கூர்மையாக்கிட்டேன், அதையும் எண்ணுது." திருகைக் குறைத்தாள். உறுமல் நின்றது. மகேஷ் வாசித்தான், அவன் ஸ்வரங்களும் காணாமல் போயின. திருகைக் கூட்டினால் டாக், குறைத்தால் மகேஷ் இல்லை. தேவி முன்னால் அடிக்கிற மேளத்தை நிறுத்தச் சொல்ல எங்களில் யாருக்குத் துணிச்சல்?

அவள் தன் கூந்தலில் இருந்த துணி ஹேர்பேண்டை உருவி, கிட்டாரின் கழுத்து உச்சியில் கம்பிகளோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். திருகைப் பழையபடி ஏற்றினாள். உறுமல் இல்லை.

மகேஷுக்குப் புரிந்துவிட்டது. "திறந்த கம்பி எதுவும் இனிமே பேசாது. எல்லாத்தையும் அழுத்தித்தான் வாசிக்கணுமா?"

"ஆமாங்க."

"கை விட்டுடுச்சுன்னா?"

"விட்டா விடட்டும். இந்த டாக் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவிழ்ந்த முடியை ஒதுக்கிவிட்டு, சரியாக இருந்த திருகையே மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

முதல் பாட்டில் அவன் கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனைத்தான். ஒவ்வொரு ஸ்வரமும் முழுசாக வந்தது. இரண்டாவதில் தலையை ஆட்ட ஆரம்பித்தான். மூன்றாவதில் விரல் வழுக்கி இரண்டு இடம் விட்டுப்போனது. அங்கே நான் தொண்டை கிழியக் கத்தி மூடினேன். அதைப் பாட்டென்று சொல்ல மாட்டேன். நான்காவது பாட்டை முடித்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. அப்பாடா என்று எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டாக் அடித்தவர்களில் மூத்தவர் மேடையருகே வந்து, பேஸ் வாசித்தது யார், பேஸ் கிட்டாரையே காணோமே என்று வங்காள மொழியில் கேட்டார். மகேஷ் இடது கையைத் தூக்கினான். "ஆமி" என்றான், நான்தான் என்று.

ஷோபனா டின்னை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் மெதுவாக இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லா இருந்தது என்றோ, நன்றி என்றோ சொல்வான் என்று நான் காத்திருந்தேன்.

"மூணாவது பாட்டுல கொஞ்சம் கரகரன்னுச்சு" என்றான். "நாளைக்கு அதைத் திறந்து பாரு."

அவள் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஓவென்று அழுதுவிட்டாள்.