வாத்துத் திருடன் வீட்டு இர்மா

யாவோர்கா கிராமத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹுதாக்கின் தலையில்தான் விழும். பாதி ஊருக்கு அதுதான் குடும்பப் பெயர், பெண்களுக்கு அதுவே ஹுதாகோவா. முதற்பெயரிலும் அப்படியொன்றும் தாராளம் கிடையாது. அதனால் வீட்டுப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். மணியுடைத்தவன் வீடு, ரோமுக்கு நடந்து போனவன் வீடு, இரண்டு தடவை செத்தவன் வீடு. வரலாற்றுப் புத்தகம் என்று தனியாக யாரும் எழுதவில்லை, அவசியமும் இல்லை.

இர்மா ஹுதாகோவா வாக்கப்பட்டது வாத்துத் திருடன் வீட்டுக்கு. கணவன் கேய்ஸாவின் கொள்ளுத்தாத்தா பாதிரியாரின் வாத்தைப் பிடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சந்தேகம் வரக்கூடாதென்று நேராகப் பூசைக்கே போய் உட்கார்ந்தாராம். பிரசங்கத்தின் நடுவே வாத்து வாயைத் திறந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிய பெயரை இரண்டு உலகப்போர்களாலும் கழுவ முடியவில்லை.

கிராம அலுவலகத்தில் அடுப்பு மூட்டுவதும் தரை துடைப்பதும் இர்மாவின் வேலை. அதோடு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பதும் அவள்தான். சாவு, தடுப்பூசி, செருப்பு விற்கும் வண்டி வருவது, எல்லாச் சேதியும் அவள் குரலில்தான் கம்பத்துக்குக் கம்பம் போகும். அந்தக் குரலில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, நல்ல குரல்தான்.

மகன் வெந்தெலினுக்கு நகரத்துப் பெண் ஜெல்மிராவைப் பேசியிருந்தது. அவளுடைய அப்பா அம்மா சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்றதும் இர்மாவுக்கு ஒரே கவலை. படித்தவர்கள். திருடன் வீடு என்று காதில் விழுந்தால் பெண் கொடுப்பார்களா? அந்த வாரம் முழுக்க அறிவிப்புகளில் ஒரு பட்டப்பெயரையும் அவள் வாசிக்கவில்லை.

"நம்ம காலத்துக்கு நாகரிகம் வேணாமா?" என்றாள் புருஷனிடம்.

"வேணும்தான். ஆனா செத்தது ஊர்ல இருக்கற எந்த யானோன்னு தெரியாம ஊரே முழிக்குது பாரு. எனக்கே ரெண்டு பேரு துக்கம் கேட்டுட்டுப் போனானுங்க" என்றான் கேய்ஸா.

சனிக்கிழமை காலையில் அலுவலக மேசை மேல் கிடந்த சீட்டை நாகரிகமாகவே வாசித்தாள்: "இர்மா ஹுதாகோவா வீட்டில் பன்றிக்குட்டிகள் விற்பனைக்கு. இன்றே வரவும்." சீட்டு மணியுடைத்தவன் வீட்டு இர்மா கொடுத்தது. ஊரில் இன்னொரு இர்மா ஹுதாகோவாவும் இருக்கிறாள் என்பது இவளுக்குத் தெரியாததா! சம்பந்தி நினைப்பில் புத்தி மழுங்கிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து நல்ல பிளவுஸ் மாட்டி, கோழி சூப்பை அடுப்பில் ஏற்றுவதற்குள் சாக்கும் கையுமாக வாசலில் ஆள் நின்றது.

"குட்டி எங்கக்கா?"

"எந்தக் குட்டி?"

"நீதானே இப்ப மைக்ல சொன்ன!"

அவனை அனுப்பினால் அடுத்தவன். எட்டாவது ஆளை அகப்பையோடு துரத்தினாள்.

மதியப் பேருந்தும் வந்து போய்விட்டது. சம்பந்திகளைக் காணோம். நிறுத்தத்துக்குப் போன கேய்ஸா தனியாகத் திரும்பினான். கேக் பெட்டியோடு ரெண்டு பேர் இறங்கி ஊருக்குள் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் எங்கே போனார்கள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. வெந்தெலினும் ஜெல்மிராவும் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள்.

"யாரோ சொல்லிட்டாங்க. கேட்டுட்டு அப்படியே திரும்பிட்டாங்க. என் புள்ள வாழ்க்கை போச்சு" என்று இர்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"மூக்கச் சிந்திட்டு எழுந்திருடி. ஊரையே கூப்பிடற மைக்க கையில வச்சிக்கிட்டு அழுவுறா" என்றான் கேய்ஸா.

"இர்மா ஹுதாகோவா வீட்டுக்கு வாங்கன்னா எந்த இர்மான்னு கேப்பாங்களே!"

"தெரியுதுல்ல? அப்ப எந்த இர்மான்னு சொல்லு."

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். மைக்கின் முன்னால் முதன்முறையாக அவள் தயங்கினாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்:

"பேசறது வாத்துத் திருடன் வீட்டு இர்மா. எங்க சம்பந்திங்க யார் வீட்டுல இருந்தாலும் தயவுசெஞ்சு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. சூப் ஆறுது."

அவள் வாசலுக்குத் திரும்பியபோது மணியுடைத்தவன் வீட்டு இர்மா ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பளபளத்த செருப்புகளில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"குட்டி வாங்க வந்தவங்கன்னு நெனச்சிட்டேன்டி. ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டினேன். இவங்களும் 'ரொம்ப அழகு, ரொம்ப அழகு'ன்னுக்கிட்டே நின்னாங்க."

"இந்தப் பக்கத்து வழக்கம்னு நெனச்சோம்" என்றாள் பெண்ணின் அம்மா, கேக் பெட்டியை நீட்டி.

இர்மா தலை நிமிரவில்லை. "அந்தப் பேரு... மைக்ல கேட்டிருப்பீங்க."

"அதுக்கென்னங்க சம்பந்தியம்மா?" பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தார். "மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வந்த மொத நாளே பெருமையா சொன்னாரு. அதச் சொல்லிக் கேட்டாத்தான் வீடு காட்டுவாங்கன்னும் சொல்லி அனுப்பினாரு. முன்னபின்ன தெரியாத ஊர்ல எறங்கி, 'திருடன் வீடு எது'ன்னு எந்த வாயால கேக்கறது? மரியாதையா இருக்கட்டுமேன்னு உங்க பேரச் சொல்லிக் கேட்டோம், இவங்க வீட்டக் காட்டிட்டாங்க."

கேய்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். இர்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பெற்ற பிள்ளை பெருமையாகச் சொல்லித் திரிந்த பெயரையா அவள் ஒரு வாரமாக ஊரிலிருந்தே அழிக்கப் பார்த்தாள்!

"எதுவரைக்கும் சொன்னான்?" என்று கேட்டாள்.

"பூசையில வாத்து கத்துன வரைக்கும்."

"அட, அதுக்கப்புறம்தானே கதையே இருக்கு" என்று இர்மா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, சொல்றேன்."