நின்ற வண்டியின் ஓட்டம்

பாண்டி பஜாருக்குப் பின்னால், உயரமான கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் ஜவுளி இறக்க வேனை நிறுத்தியிருந்தேன். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைத்தாயிற்று. முதலாளி வேனில் ஜிபிஎஸ் பெட்டி பொருத்தியதிலிருந்து, நான் ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் லட்சணத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. அந்த மாதிரிச் சந்துகளில் அது குழம்பிவிடும். வண்டி நிற்கும், மேப்பில் அதன் புள்ளி மட்டும் தெருத்தெருவாக அலையும்.

சூப்பர்வைசர் போனில் கத்தினார். "இன்னா, வண்டிய எட்த்துக்கினு ஊர் சுத்திக்கினு கீறியா? ஸ்பீடு வேற எகிறுது!"

"வண்டி நின்னுக்கினு கீது சார். மீட்டர போட்டோ எட்த்து அனுப்பட்டா?"

"உன் மீட்டர எவன் நம்புவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீட்டரையே நம்பாதவர் என்னை எங்கே நம்பப்போகிறார்! "நேர்ல வந்து பாருங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

பைக்கில் வந்தார். சக்கரத்தடியில் இருந்த கல்லைப் பார்த்தார். பிறகு வேன் மேலேயே சாய்ந்துகொண்டு செல்போனைத் திறந்தார். புள்ளி உஸ்மான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் ஓடிக்கினு கீதேபா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல வண்டிய நிறுத்து."

சாவியை அவர் சட்டைப்பையில் போட்டேன். "நீங்களே நிறுத்திக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு மாம்பலம் ஸ்டேஷனை நோக்கி நடந்தேன்.